பொருள் கேட்டு வரவேற்ற பெயர்கள்
தென்பாண்டி நாட்டில் மேல்நாட்டு இயற்பெயர்கள்

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்டது.)



மேல்நாட்டு இயற்பெயர்களின் தோற்றமும் பொருளும் இன்றைய தலைப்பு. தென்காசியில் பேசுவதற்கு இது தொலைவான பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். 1446ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். கங்கைக்கரைக் காசி தெற்கே வந்து தென்காசி ஆனது. இதை இரவல் பெயர் என்று யாரும் சொல்வதில்லை. அரை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இம்மண்ணில் வாழ்ந்து, தனக்கென ஒரு வரலாற்றைத் தேடிக்கொண்ட பெயர் இது.

ஊர்ப்பெயருக்குத் தரும் இந்த உரிமையை மனிதர் பெயருக்கு நாம் தருவதில்லை. அந்தோணி, சூசை, சந்தியாகு, ஜேம்ஸ், ராபர்ட் என்று யாரேனும் இருந்தால் “வெள்ளைக்காரன் பெயர்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அப்பெயர் எந்த மொழியில் பிறந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது, நம் முன்னோர் அதை என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை. இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றுதான். தென்பாண்டி நாட்டு மக்கள் மேல்நாட்டுப் பெயர்களைக் கைகட்டி வாங்கிக்கொள்ளவில்லை. ஒலியைத் தமிழ்ப்படுத்தினார்கள், முடிந்த இடத்திலெல்லாம் பொருளைக் கேட்டு, அந்தப் பொருளுக்குத் தமிழ்ப் பெயர் கொடுத்தார்கள். இந்தக் கருத்தை ஆறு கூறுகளாக முன்வைக்கிறேன்.

1. ஐரோப்பாவுக்கே வந்தேறிய பெயர்கள்

ஐரோப்பியப் பெயர் என்று நாம் சொல்வனவற்றில் மிகுதியானவை ஐரோப்பாவில் பிறந்தவை அல்ல. ஜான் எபிரேய மொழியின் யோஹானான். ‘யாவே அருள் கூர்ந்தார்’ என்று பொருள். ஜோசப் ‘அவர் மேலும் தருவாராக’ என்ற வேண்டுதல். மைக்கேல் ‘இறைவனுக்கு நிகர் யார்?’ என்ற கேள்வி. இவை மேற்கு ஆசியப் பெயர்கள்.

இரண்டாவது ஊற்று கிரேக்கம். பீட்டர் என்றால் பாறை. ஸ்டீபன் என்றால் மகுடம். பிலிப் குதிரைகளை நேசிப்பவன். மார்கரெட் என்றால் முத்து. இங்கிலாந்தின் பல அரசர்கள் தாங்கிய ஜார்ஜ் என்ற பெயருக்கு உழவன் என்று பொருள்.

மூன்றாவது ஊற்று இலத்தீன். பால் சிறியவன், லியோ சிங்கம், விக்டர் வெற்றியாளன், பெனடிக்ட் ஆசி பெற்றவன். அந்தோணி பழைய உரோமக் குடிப்பெயர். அது எத்துருஸ்கர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பர்.

நான்காவது ஊற்று செருமானிய மொழிக் குடும்பம். ராபர்ட், வில்லியம், ஹென்றி, எட்வர்ட், ஆல்பிரட் ஆகியவை இவ்வினத்தவை. பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர்கள். ராபர்ட்டில் புகழும் ஒளியும் சேர்ந்திருக்கின்றன. வில்லியமில் மனவுறுதியும் தலைக்கவசமும். எட்வர்டில் செல்வமும் காவலும். கிறித்தவம் வடக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் முன்பே அங்கிருந்த பெயர்மரபு இது. இவற்றைக் கிறித்தவப் பெயர்கள் என்று இன்று நாம் எண்ணுகிறோம். விவிலியத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஆங்கிலேயருக்கேகூட ராபர்ட்டும் வில்லியமும் 1066இல் நார்மானியர் படையெடுத்து வந்தபின் பெருகிய பெயர்கள்தாம். ஆக, ஜான் இலண்டனிலும் விருந்தாளி, நெல்லையிலும் விருந்தாளி. முதலில் எந்த வீட்டுக்குப் போனது என்பதில் மட்டுமே வேறுபாடு.

2. கடற்கரையில் ஒலி தமிழானது

நம் பக்கத்துக்கு இப்பெயர்கள் முதலில் கடல்வழி வந்தன. 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். ஆங்கிலேயர் இந்நாட்டில் கால்வைக்குமுன் நடந்தவை இவை. பெயர்கள் போர்த்துக்கீசிய ஒலியோடு வந்தன.

ஜோசப்பைப் போர்த்துக்கீசியர் சொல்லும் ஒலி தமிழ்க் காதில் சூசை ஆனது. புனித யாக்கோபைச் சொல்லும் ‘சாந்த் இயாகோ’ சந்தியாகு ஆனது. பெர்னாண்டோ பர்னாந்து ஆகித் தூத்துக்குடியில் குடும்பப் பெயராக நிலைத்தது. அது போர்த்துக்கீசியத்திலும் பிறக்கவில்லை. ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட விசிகோத்தியரின் செருமானியப் பெயர் அது. வடக்கிலிருந்து இறங்கிய ஒரு குலத்தின் பெயர் ஐபீரியாவைக் கடந்து, கப்பலேறி, மன்னார் வளைகுடாக் கரையில் தமிழ்ப் பெயராக வாழ்கிறது.

இவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது சவரிமுத்து. சேவியர் முதலில் ஆள்பெயரே அன்று. நவார் நாட்டில் உள்ள ஒரு கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் ‘புதுவீடு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, ஒரு துறவியின் அடையாளமாகி, கொற்கையின் கரையில் சவேரியார், சவரியார் என்று திரிந்தது. அதனோடு முத்து என்ற நம் சொல் சேர்ந்து சவரிமுத்து என்ற புதிய பெயர் பிறந்தது. உலகில் வேறு எந்த மொழியிலும் இந்தப் பெயர் இல்லை. பாதி பாஸ்க், பாதி தமிழ், முழுமையாக நம்முடையது. அந்தோணிமுத்து, அந்தோணியம்மாள், மரியபுஷ்பம், சூசைமாணிக்கம் எல்லாம் இதே முறையில் கட்டப்பட்டவை. முத்து, மாணிக்கம், அம்மாள், சாமி என்ற ஈறுகளை ஏற்றுக்கொண்ட நொடியில் அவை தமிழ்ப் பெயர்களின் இலக்கணத்துக்குள் வந்துவிட்டன.

3. உள்நாட்டில் பொருள் தமிழானது

கடற்கரையைவிட்டு உள்நாட்டில் மதுரைப் பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தத்துவபோதகர் என்று தமிழ்ப் பெயர் பூண்டார். அவரைத் தொடர்ந்த இயேசு சபைத் துறவிகளும், அவர்களுக்குத் தமிழ் கற்பித்த நம் ஆசிரியர்களும், அவர்களோடு பழகிய மக்களும் சேர்ந்து ஒரு பெரும்பணியைச் செய்தார்கள். புனிதர்களின் பெயர்களைப் பொருள் நோக்கித் தமிழாக்கினார்கள்.

யோவான் என்றால் இறையருள் என்பதால் அருளப்பர். பவுல் என்றால் சிறியவர் என்பதால் சின்னப்பர். ஸ்டீபன் என்றால் மகுடம் என்பதால் முடியப்பர். ஆண்ட்ரூ என்றால் ஆண்மையும் வலிமையும் உடையவர் என்பதால் பெலவேந்திரர். பெனடிக்ட் ஆசீர்வாதப்பர். பேதுருவை இராயப்பர் என்றார்கள். தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல் என்பதை வைத்து இப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில், தெலுங்கு பேசுவோர் அருகருகே வாழ்ந்த இந்தக் கரிசல் பகுதியில் அச்சொல் யாருக்கும் அந்நியமாக இருந்திருக்காது.

ஆண்டவருக்குரியவர் என்று பொருள்படும் டொமினிக் சாமிநாதர் ஆனார். சுவாமிமலை முருகனின் பெயரும் அதுவே என்பதை அன்று பெயரிட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர். லியோ என்ற பெயர் கொண்ட திருத்தந்தையரைச் சிங்கராயர் என்று எழுதினார்கள். பயஸ் என்ற பெயர் கொண்டோரைப் பத்திநாதர் என்றார்கள். 2025 மே மாதம் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பழைய வழக்கு நினைவிருந்தவர்களுக்கு அவர் பதினான்காம் சிங்கராயர்.

இங்கே ‘அப்பர்’ என்ற ஈற்றைக் கவனிக்க வேண்டுகிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்த இந்த மண்ணில், மேலகரத்தில் வாழ்ந்து குற்றாலக் குறவஞ்சி பாடியவர் திரிகூட ராசப்பக் கவிராயர். ராசப்பர், சின்னப்பர், முடியப்பர் மூன்று பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே வார்ப்பு. குறவஞ்சி எழுந்த அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வீரமாமுனிவரும் இப்பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். குற்றாலநாதர் அடியாரும் கிறித்தவத் துறவியும் மரியாதைக்குரியவருக்கு ஒரே ஈற்றைத்தான் கையாண்டார்கள். ஏனெனில் இருவருக்கும் அதைக் கொடுத்தது தமிழ்.

வீரமாமுனிவரின் சொந்தப் பெயர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. கான்ஸ்டன்சோ என்றால் நிலைகுலையாத உறுதி. அதனால் முதலில் தைரியநாதர் எனப்பட்டார். தம் பெயருக்குச் செய்ததை அவர் தம் காப்பியத்துக்கும் செய்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் தலைவர் ஜோசப். அத்தலைவருக்கு வீரமாமுனிவர் தந்த பெயர் வளன். ‘மேலும் தருவாராக’ என்ற எபிரேயப் பொருளை வளம் என்ற சொல்லில் பிடித்தார். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயரிட்டார். பத்தாம் வகுப்புப் பாடநூலில் கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதியைப் படித்த மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தக் கருணையனும் உங்கள் வகுப்பில் இருந்த ஜானும் ஒரே பெயர்.

இம்மரபின் உச்சம் என்று நான் கருதுவது தேவசகாயம். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டபிள்ளை 1745 மே 14 அன்று, நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். தரப்பட்ட பெயர் இலாசர். எபிரேய எலயாசரின் சுருக்கம். ‘கடவுள் துணைநின்றார்’ என்று பொருள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். 1752இல் அவர் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகம் முழுவதும் உச்சரித்த பெயர் தேவசகாயம்தான். இலாசர் என்று இங்கே வந்த பெயர், நம் நாட்டு உருவத்தோடு உரோமுக்குத் திரும்பியது. பெயர்கள் ஒருவழிப் பாதையில் வருவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

4. ஒரே கடைத்தெருவில் ஒரே பெயர்

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, பொட்டல்புதூர் என்று இசுலாமியர் செறிந்து வாழும் ஊர்கள் சூழ்ந்த மாவட்டம் இது. எபிரேயப் பெயர்கள் ஐரோப்பா வழியாக மட்டும் இங்கு வரவில்லை. அரபு வழியாகவும் வந்தன.

யூசுப் என்பவர் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அடுத்த கடைக்காரர் சூசை. எதிரே ஜோசப். அவர் பேரனுக்கு வளன். நால்வருக்கும் ஒரே பெயர். இபுராகிமும் ஆபிரகாமும் ஒருவரே. தாவூதும் தாவீதும் டேவிட்டும் ஒருவரே. மரியமும் மரியாளும் மேரியும் ஒருவரே. யாகூப், யாக்கோபு, யாகப்பர், ஜேம்ஸ், சந்தியாகு ஐவரும் ஒருவரே. ஜேம்ஸ் எப்படி யாக்கோபு ஆகும் என்று ஐயுறுவோருக்கு வழி சொல்கிறேன். இலத்தீனில் யாக்கோபுஸ் என்றிருந்தது பிற்காலப் பேச்சில் யாக்கோமுஸ் ஆனது; பழைய பிரெஞ்சு அதை மேலும் தேய்த்தது; ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்று நின்றது.

கிரேக்கப் பெயருக்கும் இவ்வாறே நேர்ந்தது. ஆண்களைக் காப்பவன் என்று பொருள்படும் அலெக்சாண்டரின் முதல் அசையான ‘அல்’லை அரபியர் தம் மொழியின் சுட்டு முன்னொட்டு என்று கொண்டனர். எஞ்சிய பகுதி இசுக்கந்தர் ஆனது. அதிலிருந்து சிக்கந்தர் வந்தது. நம் ஊர்ச் சிக்கந்தரும் அலெக்சாண்டரும் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்திருந்தும், தாங்கள் ஒரே பெயருக்கு உரியவர்கள் என்பதை அறியாமலே படித்து முடித்துப் போயிருப்பார்கள். இதை அவர்களுக்குச் சொல்லித் தருவது நம் கடமை. பெயரைக் கேட்டதும் மதத்தைக் கணக்கிடும் பழக்கம் வளர்ந்துவரும் காலத்தில், பெயர்களுக்கு இடையே உள்ள இந்த இரத்த உறவைச் சொல்வது அறிவுப்பணி மட்டுமன்று, சமூகப்பணியும்கூட.

5. பொருளை மறந்து வந்த பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாவது வழி திறந்தது. 1820இல் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். சீர்திருத்தச் சபைகளும் பள்ளிகளும் பெருகின. ஞானமுத்து, வேதமாணிக்கம், அருமைநாயகம் போன்ற அழகிய பெயர்கள் அச்சபைகளிலும் தழைத்தன. கூடவே ஆங்கில ஒலியும் வந்தது.

ராபர்ட் என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். நம் வட்டாரம் அறிந்த ராபர்ட்டுகள் நால்வர். மதுரையில் தத்துவபோதகரான ராபர்ட் தெ நொபிலி ஒருவர். குற்றால மலையில் செடிகொடிகளைத் திரட்டி, ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களைக்கொண்டு தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களாகப் பதிவுசெய்த மருத்துவர் ராபர்ட் வைட் இன்னொருவர். இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் மூன்றாமவர். நான்காமவர் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் நம் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுவீழ்த்திய ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ். ஒருவர் துறவி, ஒருவர் தாவரவியலார், ஒருவர் மொழியறிஞர், ஒருவர் அடக்குமுறை அதிகாரத்தின் முகம். பெயர் எவருக்கும் குணத்தைத் தருவதில்லை. மனிதர்தாம் பெயருக்குப் பொருள் ஏற்றுகிறார்கள்.

ராபர்ட்டைத் தமிழாக்கினால் புகழொளி. அருளப்பரையும் முடியப்பரையும் தந்த மரபு ஏன் இதைத் தரவில்லை? காரணம் எளிது. பழைய துறவிகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்ற மொழிகள்; பெயரின் பொருள் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆங்கிலேயருக்கோ தம் பழைய செருமானியச் சொற்களின் பொருள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தமக்கே தெரியாத பொருளை அவர்களால் நமக்குச் சொல்ல முடியவில்லை. ஆகவே பெயர் வெறும் ஒலியாக வந்தது.

பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றபோது சேர்ந்த பெயர் ஹென்றி ஆல்பிரட். ஹென்றி என்றால் இல்லத்தை ஆள்பவன். ஆல்பிரட் என்றால் வனதேவதைகளின் அறிவுரை பெற்றவன். இரண்டிலும் கிறித்தவ நம்பிக்கைக்குரிய பொருள் ஒன்றுமில்லை. ஆனாலும் இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் தந்த அப்பெருங்கவிஞர் கிருஷ்ணன் என்ற பெயரையும் விடவில்லை. எச்.ஏ. என்ற இரண்டு எழுத்துகளுக்குள் ஆங்கிலம் ஒடுங்கி நின்றது. கண்ணன் பெயர் முழுமையாக நின்றது. தமிழ் அவரை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது.

பிறகு ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களே நம் பிள்ளைகளுக்கு இயற்பெயர்களாயின. நெல்சன், வில்சன், ஜான்சன், லிவிங்ஸ்டன், கிளாட்ஸ்டன் என்று தென்மாவட்டங்களில் அழைத்தால் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. கோட்டையின் பெயரான சேவியர் ஆள்பெயரானதும் இதே வழியில்தான். ஆனால் சவரிமுத்துவில் நடந்த இரண்டாவது செயல், அதாவது பெயரைத் தமிழோடு பிணைக்கும் செயல், இங்கே பெரும்பாலும் நடைபெறவில்லை.

6. இழந்ததும் மீட்க வேண்டியதும்

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது. அதில் யோவான், பேதுரு, பவுல், ஸ்தேவான் என்ற வடிவங்கள் நிலைபெற்றன. பிரிந்து நின்ற சபைகள் ஒரே பெயரால் ஒரே திருத்தூதரை அழைக்க முடிந்தது பெரிய நன்மை. அதற்குக் கொடுத்த விலையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அருளப்பரும் சின்னப்பரும் முடியப்பரும் மறைநூலிலிருந்து விலகினார்கள். மறைநூலில் இல்லாத பெயர் மெல்லப் பிள்ளைகளின் பெயரிலிருந்தும் விலகும். பாட்டனார் முடியப்பன், தந்தை ஸ்டீபன், மகன் ஸ்டீவ் என்று வரும் குடும்பத்தில் மூவரும் ஒரே பெயரைத் தாங்குகிறார்கள். மகனுக்கு அது தெரியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, மாணவர்களுக்கு. பங்குக்கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகள், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கல்லறை எழுத்துகள், பள்ளிவாசல் திருமணப் பதிவேடுகள் ஆகியவற்றில் உள்ள இயற்பெயர்களை உரியவர்களின் இசைவோடு தொகுங்கள். தனிமனிதர் விவரம் வேண்டாம். பெயரும் ஆண்டும் ஊரும் போதும். எந்தப் பெயர் எப்போது வந்தது, எந்தத் தமிழ் ஈற்றோடு சேர்ந்தது, எப்போது மறைந்தது என்று அவை சொல்லும். நம் கல்வெட்டுகளுக்குக் கிடைத்த ஆய்வு இப்பதிவேடுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு. தமிழ் வழங்கும் இயற்பெயர்களுக்கு ஓர் அகராதி வேண்டும். ஒரு பதிவில் யோவான், அருளப்பர், அருளானந்தர், கருணையன், ஜான், யஹ்யா என்ற வடிவங்கள் அனைத்தும், அவை வந்த வழியும், வழங்கும் ஊர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்துப் பெயர், கிறித்தவப் பெயர், இசுலாமியப் பெயர் என்று தனித்தனியே பிரித்த பட்டியல்களில் இந்த உறவு புலப்படாது.

மூன்றாவது, பெற்றோருக்கு. உங்கள் பிள்ளைக்கு மேல்நாட்டுப் பெயர் வைப்பதை நான் தடுக்க மாட்டேன். அது உங்கள் உரிமை, பல குடும்பங்களில் அது நம்பிக்கையின் அடையாளம். வைக்குமுன் பொருளைக் கேளுங்கள். பொருள் பிடித்திருந்தால், அந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு பெயரைத் தேடி வீட்டில் அழையுங்கள். லியோ பள்ளிப் பதிவேட்டில் இருக்கட்டும், சிங்கராயன் வீட்டில் இருக்கட்டும். மார்கரெட்டை முத்து என்று பாட்டி அழைக்கட்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் எளிய மக்கள் செய்த வேலைதான் இது.

அந்நியமானதைக் கண்டதும் அஞ்சி ஒதுக்குவோரும் உண்டு, மயங்கிப் பணிவோரும் உண்டு. அருளப்பர், தேவசகாயம், சவரிமுத்து என்ற பெயர்களை ஆக்கியவர்கள் இரண்டையும் செய்யவில்லை. வந்த பெயரிடம் “உன் பொருள் என்ன?” என்று நிமிர்ந்து கேட்டு, விடை கிடைத்தபின் தம் மொழியில் இடம் கொடுத்தார்கள். அந்தத் தன்னம்பிக்கை நம் தலைமுறைக்கும் வேண்டும்.